வெளிநாடு செல்வோருக்கான மருத்துவக் காப்பீடு

வெளிநாடு செல்வோருக்கான மருத்துவக் காப்பீடு என்பது, வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடும்பத்துடன் சேர்வதற்காகவோ பிற நாட்டில் தங்கும் ஒருவருக்கு அங்கே ஏற்படும் மருத்துவச் செலவை ஈடுகட்டும் ஏற்பாடு ஆகும். தமிழ்நாட்டிலிருந்து செல்பவருக்கு இது மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதலாவது, இந்திய அரசு கட்டாயமாக்கியுள்ள காப்பீடு. இரண்டாவது, செல்லும் நாட்டின் சட்டப்படி முதலாளியோ அரசோ தரும் காப்பீடு. மூன்றாவது, அவரே பணம் கட்டி வாங்கும் தனியார் காப்பீடு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருப்பதாக எண்ணிக்கொள்வதே இதில் பரவலாக நேரும் பிழை. அந்தப் பிழை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே தெரியவருகிறது.

எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கல் என்ற ஊரைச் சேர்ந்த அண்ணன், தம்பி இருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு 38 வயது. ஒன்பதாம் வகுப்பு வரை படித்த கொத்தனார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். துபாயில் கட்டட வேலைக்குச் செல்கிறார். தம்பி பொறியியல் பட்டதாரி. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துள்ளது. ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டாலும் இருவருக்கும் பொருந்தும் விதிகள் வேறு.

இந்திய அரசின் கட்டாயக் காப்பீடு

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இடம்பெறும். இவர்கள் வேலைக்காக ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும்போது குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. அனுமதி பெறுவதற்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டை எடுத்திருப்பது கட்டாயம்.

இத்திட்டம் 2003இல் தொடங்கப்பட்டது. 2017இல் திருத்தப்பட்ட வடிவில், இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும் மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாயும் அடிப்படைப் பிரீமியமாக நிர்ணயிக்கப்பட்டன. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். முதலாளியோ வேலை செய்யும் இடமோ மாறினாலும் இந்தப் பாதுகாப்பு தொடரும். இறந்தவரின் உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவும், வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரையிலான உதவியும் இதில் அடங்கும்.

மருத்துவச் செலவுக்கான வரம்பு சிறியது. மொத்தம் 1 லட்சம் ரூபாய். ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் 50,000 ரூபாய் வரை. வளைகுடா நாட்டுத் தனியார் மருத்துவமனையில் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இத்தொகை போதாது. எனவே இத்திட்டத்தை விபத்துக் காப்பீடாகக் கருதுவதே பொருத்தம். முழுமையான மருத்துவக் காப்பீடாகக் கருத முடியாது. விமானம் ஏறும் முன் கையில் ஒரு காப்பீட்டுச் சான்று இருப்பதால், மருத்துவச் செலவு முழுவதும் பார்த்துக்கொள்ளப்படும் என்று குடும்பத்தினர் நம்பிவிடுவது உண்டு.

சிங்கப்பூர் அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. ஆகவே அண்ணனுக்குக் கட்டாயமான இந்தக் காப்பீடு, தம்பிக்கு இரு காரணங்களாலும் கட்டாயமில்லை.

சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்தல்

வேலை விசா கிடைக்கத் தாமதமாகும் என்று கூறி, சுற்றுலா விசாவில் ஆட்களை அனுப்பும் ஏஜென்ட்டுகள் உள்ளனர். இவ்வாறு செல்பவர் குடிபெயர்வு அனுமதி பெறுவதில்லை. அதனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவிலும் சேர்வதில்லை. செல்லும் நாட்டில் அவர் தொழிலாளியாகப் பதிவாகாததால், முதலாளி தரவேண்டிய காப்பீடும் கிடைக்காது. சாரத்திலிருந்து விழுந்து அடிபட்டால் முழுச் செலவும் அவர் தலையில் விழும். காப்பீட்டின் கோணத்தில் பார்த்தால், விசாவின் வகையே முதலில் சரிபார்க்க வேண்டியது.

செல்லும் நாட்டின் சட்டம்

வளைகுடா நாடுகள்: அபுதாபியில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும், துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டமும் தொழிலாளருக்கு முதலாளியே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கூறுகின்றன. ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட மற்ற அமீரகங்களிலும் 2025 ஜனவரி 1 முதல் இது கட்டாயமானது. அங்கு அடிப்படைத் திட்டத்தின் பிரீமியம் ஆண்டுக்கு 320 திர்ஹாம். துபாயில் குறைந்த ஊதியம் பெறுவோருக்கான அடிப்படைத் திட்டத்தின் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம். இது இந்திய மதிப்பில் 30 லட்சம் ரூபாய்க்கும் மேல். பிரீமியத்தைத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடிப்பது துபாய் சட்டப்படி தவறு. எனினும் ஒவ்வொரு சிகிச்சையிலும் ஒரு பங்கை நோயாளி இணைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். மனைவி, பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அவர்களுக்கான காப்பீடு, விசாவுக்குப் பொறுப்பேற்பவரின் கடமை. சவூதி அரேபியாவில் 1999ஆம் ஆண்டின் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி தனியார் துறை முதலாளிகள் வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் காப்பீடு எடுக்கின்றனர்.

சிங்கப்பூர்: வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு முதலாளி காப்பீடு எடுக்க வேண்டும். உள்நோயாளிச் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவைச் சிகிச்சைக்குமான குறைந்தபட்ச வரம்பு, 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட செலவில் 75 விழுக்காட்டைக் காப்பீட்டு நிறுவனமும் 25 விழுக்காட்டை முதலாளியும் ஏற்கின்றனர். உயர் ஊதியப் பணியாளருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்போருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அரசின் மெடிஷீல்டு லைஃப் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஆகவே தம்பி எம்ப்ளாய்மென்ட் பாஸில் சென்றால், அங்குள்ள கட்டடத் தொழிலாளிக்கு உள்ள சட்டப் பாதுகாப்புகூட அவருக்கு இராது. வேலை ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடு எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே அவருக்கு உண்டு.

பிரான்ஸ்: புதுச்சேரியை ஒட்டிய திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளுக்குப் பிரான்ஸ் குடும்பத் தொடர்பால் அறிமுகமான நாடு. அங்கு வேலை செய்வோரும், நிலையாகத் தங்கி மூன்று மாதம் கடந்தோரும் அரசின் பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். அது செலவின் ஒரு பகுதியையே திருப்பித் தருகிறது. மீதிக்கு மியூச்சுவல் எனப்படும் துணைக் காப்பீடு எடுப்பது வழக்கம். தனியார் துறை முதலாளிகள் 2016 முதல் இதற்கான கட்டணத்தில் குறைந்தது பாதியை ஏற்க வேண்டும். வேலையின்றிக் குடும்பத்துடன் சேரச் செல்பவருக்கு, அந்த முதல் மூன்று மாதத்துக்குத் தனியார் காப்பீடு தேவைப்படுகிறது.

மாணவர்கள்: பிரிட்டனில் விசா விண்ணப்பத்துடன் மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் தேசிய சுகாதாரச் சேவையைப் பயன்படுத்தலாம். 2024 பிப்ரவரி முதல் இது மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவருக்கான தனிக் காப்பீடு விசாவுக்கே நிபந்தனை. ஜெர்மனியில் 30 வயதுக்கு உட்பட்ட மாணவர் அரசுசார் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மலிவாக இருக்கிறது என்று அதிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டைத் தேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாணவராக மீண்டும் அரசுசார் காப்பீட்டுக்கு மாற முடியாது. எனவே இந்தத் தேர்வை முதல் மாதப் பிரீமியத்தை மட்டும் பார்த்துச் செய்யக்கூடாது.

தனியார் காப்பீட்டைத் தேர்தல்

மேலே கூறிய இரண்டும் எதை விட்டுவிடுகின்றன என்பதை அறிந்த பிறகே தனியார் காப்பீட்டைத் தேட வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் பாலிசிகளில் இரண்டு வகைகளை வெளிநாட்டுப் பாதுகாப்பு என்று தவறாகக் கொள்வதுண்டு.

முதலாவது, வழக்கமான மருத்துவக் காப்பீடு. இத்தகைய பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும். இரண்டாவது, பயணக் காப்பீடு. இது குறிப்பிட்ட நாள்களுக்குள் திடீரென வரும் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. பல ஆண்டுகள் தங்கி வேலை செய்பவரின் தொடர் சிகிச்சைக்கு உதவாது. அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு இது பயன்படும். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே உள்ள இதய நோய், சர்க்கரை நோய் முதலியவை தொடர்பான செலவு பல பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும், அல்லது சிறு தொகைக்குள் அடக்கப்பட்டிருக்கும்.

நீண்டகாலம் தங்குவோர் செல்லும் நாட்டிலேயே உரிமம் பெற்ற நிறுவனத்திடமோ, பல நாடுகளில் செல்லுபடியாகும் பன்னாட்டுத் திட்டத்திலோ காப்பீடு எடுக்கலாம். விசாவுக்காக எடுப்பதாக இருந்தால், அந்நாட்டு அரசு ஏற்கும் நிறுவனமா என்பதை உறுதி செய்ய வேண்டும். பாலிசி ஆவணத்தில் முதலில் பார்க்க வேண்டியவை: ஆண்டு வரம்பு, நோயாளி முதலில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, இணைக் கட்டண விழுக்காடு, வசிக்கும் இடத்துக்கு அருகில் முன்பணம் இல்லாமல் சிகிச்சை தரும் மருத்துவமனைகள், புறநோயாளிச் செலவும் பிரசவச் செலவும் சேருமா என்பது, தாயகம் திரும்பும் மருத்துவப் பயணச் செலவு. வேலை போனால் முதலாளி தந்த காப்பீடு எந்த நாளில் முடிகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

முன்பே உள்ள நோய்

காப்பீடு எடுக்கும் முன்பே ஒருவருக்கு இருந்த நோய்க்கு, பாலிசி தொடங்கியதும் உடனே பணம் கிடைக்காமல் போகலாம். இடைப்பட்ட இந்தக் காலம் காத்திருப்புக் காலம் எனப்படுகிறது. துபாயின் அடிப்படைத் திட்டத்தில், முதன்முறை சேர்பவருக்கு நாள்பட்ட நோய்களுக்கான காத்திருப்பு ஆறு மாதம். எனவே எடுத்துக்காட்டில் உள்ள அண்ணன், மருத்துவர் சீட்டுடன் சில மாதங்களுக்கான மாத்திரையைச் செல்லும் நாட்டின் விதிக்கு உட்பட்டு எடுத்துச் செல்வதும், மீதிக் காலத்துக்கான செலவை ஒதுக்கி வைப்பதும் அவசியம்.

வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் சிலர் நோயை மறைக்கின்றனர். சிறுநீரகக் கோளாறோ காலில் ஆறாத புண்ணோ ஏற்பட்டு மருத்துவமனையில் சேரும்போது, பழைய சிகிச்சை விவரம் வெளிவந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். நோயைத் தெரிவித்தால் பிரீமியம் கூடலாம், காத்திருக்க நேரலாம். மறைத்தால், மிகத் தேவையான நேரத்தில் காப்பீடே இல்லாமல் போகலாம்.

ஊரில் உள்ள காப்பீடும் குடும்பமும்

வெளிநாடு சென்றதும் இந்தியாவில் எடுத்திருந்த பாலிசியைக் கைவிடுவோர் பலர். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிப்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பின், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, தகவலை மறைத்ததாகக் கூறிப் பணம் மறுக்கவும் முடியாது. பாலிசி நின்றால் இவ்விரண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். வயது கூடி நோயுடன் ஊர் திரும்புபவருக்கு இது பெரிய இழப்பு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது. வெளிநாட்டு ஊதியத்தால் குடும்ப வருமானம் இவ்வரம்பைக் கடந்தால், ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் தனிக் காப்பீடு தேவைப்படும். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

காப்பீடு கைகொடுக்காதபோது

காப்பீடு இல்லாமலோ வரம்பு தீர்ந்தோ துன்பப்படும் இந்தியருக்கு, தூதரகங்கள் இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவலாம். 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்நிதி, வசதியற்றவரின் அவசரச் சிகிச்சைக்கும் இறந்தவரின் உடலைத் தாயகம் அனுப்புவதற்கும் பயன்படுகிறது. தகுதியை ஆராய்ந்தே வழங்கப்படுவதால் இதைக் காப்பீட்டுக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

செல்பவர் தம் பாலிசி எண், காப்பீட்டு அட்டையின் படம், முதலாளியின் முகவரி, தூதரகத் தொலைபேசி எண் ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வது நல்லது. அவர் மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கும் நேரத்தில், காப்பீடு இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் ஊரில் இருக்கும் அந்த ஒருவராகவே இருக்கலாம்.