வெண்மையை நீக்குதலும் எழுத்தைக் காத்தலும்

எம் துறையின் பெயரைப் பல்லாண்டுகளுக்கு முன் ஒருவர் மைக்கோலால் அழகுற எழுதித் தந்த தாள் ஒன்று உண்டு. மலரின் பச்சை அட்டையில் அவ்வெழுத்தையே பொறிக்க விரும்பி, அதனை ஸ்கேனரில் இட்டுக் கணிப்பொறிக்குள் கொணர்ந்தோம். தாளின் வெண்மையை நீக்கிப் பச்சையின்மேல் வைத்தபோது, எழுத்துகளைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவினாற்போன்ற கரை ஒன்று நின்றது. அதனைப் போக்க நீக்கும் அளவைக் கூட்டினோம். கரை போயிற்று, உடன் புள்ளிகளும் போயின. 'தமிழததுறை' என நின்ற அட்டையைத் தமிழ்த்துறையே வெளியிடுதல் எங்ஙனம்?

இதன் காரணத்தை ஈண்டு விளக்குவோம். கணிப்பொறியில் உள்ள படம் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆயது. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் 0 முதல் 255 வரையிலான எண்களாக உறைகின்றன. மூன்றும் 255 எனின் வெண்மை. மூன்றும் 0 எனின் கருமை. எழுத்தின் விளிம்பிலோ, ஒரு படப்புள்ளியின் பாதி மையாகவும் பாதி தாளாகவும் இருத்தல் கூடும். அதற்கு ஏறத்தாழ 128 என்னும் சாம்பல் மதிப்பே கிடைக்கும். வெண்மையை மட்டும் நீக்குக என்றால் இச்சாம்பல் எஞ்சுகின்றது. அதுவே நாம் கண்ட கரை. அளவைக் கூட்டினால், மை மங்கி 200 அளவில் நிற்கும் மெய்யெழுத்தின் புள்ளியும் வெண்மையென்றே கொள்ளப்பட்டு அழிகின்றது.

வெண்மையா அன்றா என்று வினவுதலை விடுத்து, இதில் மை எவ்வளவு, தாள் எவ்வளவு என்று வினவுதல் வேண்டும். அவ்வளவைக் குறிக்கும் நான்காம் எண்ணே ஆல்ஃபா. 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகியோர் இதனைப் படத்தோடு இணைத்தனர். இதனைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் விதிகளை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் வகுத்தனர். (கிரேக்க ஆல்ஃபாவும் அரபி அலிஃபும் ஒரே செமித்திய மூலத்தின என்பது மொழி பயில்வோர்க்கு இன்பந்தரும் செய்தி.)

கரையில் உள்ள அப்பாதிப் புள்ளியைக் கருமையும் அரைப்பங்கு ஆல்ஃபாவும் எனக் கொள்வோம். கீழேயுள்ள பச்சையின் மதிப்பு 100 எனின், மேலே தெரிவது 50, அஃதாவது அடர்பச்சை. சாம்பல் அங்கே இல்லை; விளிம்பு இயல்பாய்க் கரைகின்றது.

கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் 'கலர் டு ஆல்ஃபா' என்னும் கட்டளை இக்கணக்கைச் செய்துவிடும். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அடுக்கை மேலே வைத்து 'மல்ட்டிப்ளை' முறையைத் தேர்ந்தால், வெண்தாளில் கருமையால் எழுதியவற்றுக்கு அதே பயன் கிட்டும். பழந்தாள் மஞ்சள் பாரித்திருப்பின் அம்மஞ்சள் மெல்லிய திரைபோல் எஞ்சும். அதனை முன்னரே 'லெவல்ஸ்' கொண்டு வெளுத்தல் நன்று. மிகுதியாக வெளுத்தால் புள்ளிகளை மீண்டும் இழப்போம்.

எழுத்தைப் பொன்னிறமாக்க விழைந்து, நிறம் மாற்றும் 'ஹியூ' கோலை நெடுநேரம் நகர்த்தியும் பயனில்லை. கருமைக்கு மாற்றத்தக்க நிறச்சாயல் இல்லையன்றோ! அடுக்கின் ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டு அதன்மேல் பொன்னிறத்தை நிரப்பினோம். மை இருந்த இடத்தில், இருந்த அளவிலேயே நிறம் படிந்தது.

சேமிக்கும் கோப்பு வகையும் கருதத்தக்கது. ஜேபெக் ஆல்ஃபாவை ஏற்பதில்லை. ஜிஃப் முழுமையாகக் காட்டும், அன்றேல் முழுமையாக மறைக்கும். 1996இல் வந்த பிஎன்ஜி இடைப்பட்ட அளவுகள் அனைத்தையும் ஏற்கும். இதனை அறியாது முதற்படியை ஜேபெக்கில் அனுப்பி, வெள்ளைக் கட்டத்தோடு மெய்ப்பு பெற்றோம்.

ழகரத்தின் புள்ளி மூலத்திலேயே மெலிந்திருந்தது. அதன் ஆல்ஃபா ஏறத்தாழ 22 விழுக்காடே. அடுக்கைப் படியெடுத்து மேலே வைத்தபின் 38 ஆயிற்று. அட்டையை உற்று நோக்குவோர்க்கு இப்போது அது தெரியும்.