மணல் மூட்டையும் பனிக்கால டயரும்

சென்ற டிசம்பர் மாதம் ஒரு நாள் காலை ஏழு மணி. விக்ரோலி கண்ணம்வார் நகரில் எங்கள் வீட்டில் காபி இறங்கிக்கொண்டிருந்தது. டொரான்டோவில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டரை. ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தான். இப்படி ஆரம்பிக்கும் போனில் நல்ல சேதி வந்து நான் பார்த்ததில்லை.

சிவப்பு விளக்கு விழுந்திருக்கிறது. பையன் பிரேக்கை மிதித்திருக்கிறான். நாற்பது கிலோமீட்டர் வேகம்தான். வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் வலது புறமாகச் சுற்றிக்கொண்டு, நாற்சந்தியின் குறுக்கே வழுக்கிக்கொண்டே போய், எதிர்ப்புற நடைபாதை விளிம்பில் மோதி நின்றிருக்கிறது. அந்த நேரம் குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை. பக்கத்து இருக்கையில் அவன் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு ரிம் வளைந்ததோடு போயிற்று. அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

வண்டி எது என்று கேட்டேன். பழைய டொயோட்டா 86 ஒன்றைச் சென்ற ஆகஸ்டில் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான். இரண்டு கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். நம் பம்பாய்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், நாம் ஆண்டாண்டு காலம் ஏறி இறங்கிய பிரீமியர் பத்மினி டாக்சியும் அதே ஜாதிதான். கருப்பு-மஞ்சள் பத்மினி 2023 அக்டோபரோடு நம் தெருக்களிலிருந்து விடைபெற்றுவிட்டது. ஆனால் ஜூலை மழையில் கிழக்கு விரைவுச்சாலையில் அது சற்றே இடுப்பை ஒடித்துத் திரும்பியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

"டயர் எப்படி இருக்கு?" என்றேன். "பட்டன் எல்லாம் புதுசா இருக்கு மாமா, தேயவே இல்லை" என்றான். கோளாறு அங்கேதான். பட்டன் ஆழமாக இருந்தால் டயர் நல்ல டயர் என்று நாம் இங்கே பழகிவிட்டோம். இங்கே ரோட்டில் தண்ணீர் நிற்கும், அதை வெளியே தள்ளப் பள்ளம் வேண்டும், அவ்வளவுதான். அங்கே கதை வேறு. அவன் வண்டியில் இருந்தது கோடை டயர். ஏறத்தாழ ஏழு டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துப்போகும். ரப்பருக்குப் பிடிமானம் எங்கிருந்து வருகிறது? அது இளகி, ரோட்டிலுள்ள மேடு பள்ளங்களுக்குள் தன்னைத் திணித்துக்கொள்வதால் வருகிறது. விறைத்த ரப்பர் மரக்கட்டை மாதிரி மேலே மேலே ஓடும். மைனஸ் பத்தில் அது புது டயரா பழைய டயரா என்பது அவ்வளவாகப் பொருட்டே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குப் பதினோரு மீட்டர். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு சுமார் 0.8. அதில் வண்டி நிற்க எட்டு மீட்டர் போதும். அழுந்திய பனியில் கெழு 0.2 என்று வைத்தால் 31 மீட்டர். கண்ணாடி மாதிரி உறைந்த பனிக்கட்டியில் 0.1 என்றால் 63 மீட்டர். அதாவது நம் மின்ரயிலில் மூன்று பெட்டி நீளம். பிரேக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஏ.பி.எஸ். இருந்தாலும், இந்தக் கணக்கு மாறாது. டயரும் தரையும் சேர்ந்து கொடுக்கிற பிடிமானத்தைத்தான் அவை பங்கு போடும், புதிதாக எதையும் உண்டாக்காது.

மறுநாள் பக்கத்துக் கடையில் விசாரித்திருக்கிறான். "பின்சக்கர வண்டிதானே, பின்னால் இரண்டு பனி டயர் போட்டால் போதும்" என்றார்களாம். பாதிச் செலவில் முடிகிறதே என்று அவனுக்கும் சபலம். அதைக் கேட்கத்தான் எனக்குப் போன். கடை இன்னதென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த யோசனையைக் கேட்டதும் என் பழைய பாவம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. மலைப்பாதை பற்றி வாசகர்களுக்குத் தெரியும். கர்ஜத்-லோனாவ்லா, கசாரா-இகத்புரி இரண்டிலும் ஏற்றம் 37க்கு 1. முப்பத்தேழு அடி போனால் ஓரடி உயரம். ரயில் அளவில் அது செங்குத்து. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம், மேலே மழை. அதனால் ரயிலின் பின்னால் பேங்கர் இன்ஜின்களை வைத்துத் தள்ளுவார்கள். எங்கள் காலத்தில் டபிள்யூ.சி.ஜி.-2 இன்ஜின்கள். இன்ஜின் ஒவ்வொன்றிலும் மணல் பெட்டி உண்டு. சக்கரம் வழுக்கினால் டிரைவர் ஒரு வால்வைத் திறப்பார், காற்றழுத்தத்தில் மணல் குழாய் வழியே சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் விழும். உலர்ந்த, சலித்த மணலாக இருக்க வேண்டும். ஈரம் பட்டால் குழாயில் கட்டி தட்டிவிடும்.

ஒரு ஜூலை இரவு, நான்கு குழாயையும் ஊதிப் பார்க்க வேண்டியவன், மழைக்குச் சோம்பி இரண்டை மட்டும் பார்த்துவிட்டு நான்குக்கும் கையெழுத்துப் போட்டேன். அன்று ஏற்றத்தில் இன்ஜின் வழுக்கியது. பார்க்காமல் விட்ட குழாய்கள் அடைத்திருந்தன. ஒரு பக்கம் பிடிக்க, மறு பக்கம் சுழல, சக்கரம் தண்டவாளத்தையே தேய்த்துக் குழி போட்டுவிட்டது. ஒன்றரை மணி நேரம் பாதை அடைப்பு. உயிருக்குச் சேதமில்லை. பெரியவர் ஒருவர் என்னைத் திட்டவில்லை. டார்ச்சைக் கையில் கொடுத்து, அந்தக் குழியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

பாதிப் பிடிமானம் என்பது இப்படித்தான். பின்னால் மட்டும் பனி டயர் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், அதனால் தைரியம் வரும். ஆனால் பிரேக் போடும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பெரும்பங்கு வேலை முன்சக்கரத்துக்கு. அது விறைத்த கோடை ரப்பரில் நின்றால், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி நேரே போகும். மாற்றி, முன்னால் மட்டும் போட்டால் பின்பக்கம் விசிறி மாதிரி சுற்றும். ஆகவே நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஒரே சமயம். இதில் பேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து எந்த டயர். மலைச் சிகரம் மூன்றும் அதனுள்ளே ஒரு பனிப்பூவும் வரைந்த முத்திரை டயரின் பக்கத்தில் இருக்க வேண்டும். 1999இல் வந்த முத்திரை அது. சோதனையில் தேறிய டயருக்கே உண்டு. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. அது பட்டன் அமைப்பைச் சொல்வது, குளிரில் ரப்பர் நிற்குமா என்பதைச் சொல்வதல்ல. பனி டயரின் பட்டன் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை விரிந்து மூடிப் பனியைக் கவ்வும். தெற்கு ஒன்டாரியோவில் ஆணி பதித்த டயருக்கு அனுமதி இல்லை, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

அளவு விஷயத்தில்தான் பையன் அடம் பிடித்தான். அவன் வண்டியில் 215/45 ஆர் 17. ஸ்போர்ட்ஸ் காரென்றால் அகலமான டயர்தான் அழகு என்பது அவன் கட்சி. பனியில் அகலம் பகை. அகலமான டயர் பனிமேல் மிதக்கும், ஒல்லியானது வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். பத்மினியின் 5.20-14 டயர் நினைவிருக்கிறதா? நான்கு விரல் சேர்த்தாற்போல ஒல்லி. தேங்கிய தண்ணீரில் அது மிதக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 16 அங்குல ரிம்மில் 205/55 போடு என்றேன். சக்கரத்தின் மொத்த விட்டம் ஒரு சதவீதம்தான் மாறும், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. பெரிய பிரேக் உள்ள மாடல்களில் 16 அங்குல ரிம் உள்ளே இடிக்கும். ஒரு ரிம்மைப் போட்டுச் சுற்றிப் பார்த்த பிறகே நான்குக்கும் காசு கொடுக்கச் சொன்னேன். பனி டயருக்கென்று தனியாக இரும்பு ரிம் வாங்கிவிட்டால் வருஷத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டுகிற கூலி மிச்சம், நல்ல ரிம்மும் உப்பில் அரிக்காது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படியே கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் பனி டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாக வேண்டும். இதைக் கேட்டு வாங்காமல் விட்ட நம்மவர்கள் எத்தனை பேரோ. பிள்ளைகள் அங்கே இருப்பவர்கள் போனில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். வாங்குவதை அக்டோபரிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள், முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடை வாசலில் தாதர் பாலம் போலக் கூட்டம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 3524 என்றால் 2024ஆம் ஆண்டு 35ஆம் வாரம் செய்தது. இது இங்கே ஜூன் மாதத்துக்கு முன் டயர் மாற்றுகிறவர்களுக்கும் உதவும். பளபளவென்று பாலிஷ் போட்ட பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்களா என்று அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

பிறகு மணல். பின்சக்கர வண்டியின் பின்பக்கம் லேசு, அதுதான் அதன் சாபம். நம் பத்மினிகளுக்கு டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உட்கார்ந்தபின் பின்னால் கொஞ்சம் கனம் கூடியது. பையனுக்கு ஒரு மணல் மூட்டை சொன்னேன். இருபது, இருபத்தைந்து கிலோ போதும். பின் அச்சுக்கு நேர் மேலே, நகராமல் கட்டிவைக்க வேண்டும். டிக்கியின் கடைசி மூலையில் போட்டால் வண்டி சுற்றும்போது அதுவே பெண்டுலமாகிவிடும். சக்கரம் பள்ளத்தில் சுழன்றால் மூட்டையைப் பிரித்து இரண்டு கை அள்ளிப் போடலாம். இன்னொன்றும் சொன்னேன்: இறக்கத்தில் கியரைச் சட்டென்று குறைக்காதே. பின்சக்கர வண்டியில் அது பின் பிரேக்கை மட்டும் அமுக்கியதற்குச் சமம்.

ஜனவரியில் படம் அனுப்பினான். கருப்பு இரும்பு ரிம்மில் நான்கு ஒல்லி டயர். கிழவன் செருப்புப் போட்ட மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அவனே எழுதியிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு இரவு அவளுக்கு வலி எடுத்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண் குழந்தை. இதையெல்லாம் என் தங்கை இந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாகப் படிக்கப்போகிறாள். கோபத்தை என்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.

சேதி சொல்ல அவன் கூப்பிட்டபோது, குழந்தை யார் சாயல் என்று என் மனைவி கேட்டு முடித்ததும் நான் போனை வாங்கினேன். குளிர் ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் ஒரு பவுண்டு காற்று இறங்கும், கிளம்புமுன் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பார்த்தேன் மாமா. நாலுலயும்."