திருடன் இல்லாமல் கத்தும் மணி



ஆட்டிடையன் ஒருவன் வேடிக்கைக்காகப் “புலி வருது, புலி வருது” என்று கூவிய கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். உண்மையிலேயே புலி வந்த அன்று அவன் குரலுக்கு ஒருவரும் ஓடி வரவில்லை. அந்த இடையனைப் போன்ற ஒரு கருவி இன்று பல வீடுகளின் சுவரில் தொங்குகிறது. அதுதான் திருட்டைத் தெரிவிக்கும் அலாரம்.

எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கணவன் மனைவி இருவரும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் யாரும் இருப்பதில்லை. மகள் கல்யாணத்திற்கென்று சேர்த்து வைத்த நகை இருந்ததால், சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிட்டு அலாரம் பொருத்தினார்கள். அவர்கள் புறப்பட்ட சிறிது நேரத்திற்கெல்லாம் மணி அலறும். முதல் நாள் அக்கம்பக்கத்தார் தடியோடு ஓடி வந்தார்கள். கதவு பூட்டியபடியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. இரண்டு வாரம் கழித்து, “சும்மா கத்துது, வாத்தியாரே” என்று சொல்லி எல்லாரும் படுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரும் வெட்கப்பட்டு அதை நிறுத்தி வைத்தார். அந்த மாதமே பின்கதவு உடைக்கப்பட்டது. நகை போயிற்று.

பிறகு பார்த்தபோது காரணம் மிகச் சிறியதாக இருந்தது. பின்கதவிலிருந்து வரும் அலாரக் கம்பியையும், தண்ணீர்ப் பம்புக்குப் போகும் மின்கம்பியையும் ஒரே குழாய்க்குள் விட்டிருந்தார்கள். காலையில் எல்லாரும் குளித்து முடித்ததும் தொட்டியில் நீர் குறையும். பம்பு தானாக ஓடத் தொடங்கும். அந்த நொடியில் மணி அடிக்கும். வந்தது திருடன் அல்ல, தண்ணீர்ப் பம்பு!

இது எப்படி நேர்கிறது? முதலில் அலாரம் வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். கதவில் ஒரு சிறு காந்தம் இருக்கும். நிலையில், காந்தம் அருகிலிருந்தால் மூடிக்கொள்ளும் சிறு சுவிட்சு ஒன்று இருக்கும். கதவு சாத்தியிருக்கும் வரையில் கம்பி வழியே மிகச் சிறிய மின்னோட்டம் சுற்றி வந்துகொண்டிருக்கும். கதவு திறந்தால் காந்தம் விலகும், ஓட்டம் அறுபடும், பெட்டி சைரனை அலற வைக்கும். கதவு திறந்தால் மின்சாரத்தால் மணி அடிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 1853ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அகஸ்டஸ் ரசல் போப் என்னும் பாதிரியார் காப்புரிமை பெற்றார்.

இனி இடையூறுக்கு வருவோம். ஒரு கம்பியில் ஓடும் மின்சாரம் மாறும்போது, அதைத் தொடாமலே பக்கத்துக் கம்பியிலும் மின்சாரம் தூண்டப்படும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை இது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அலாரப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் வேலை செய்வது. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். நிற்கும்போது சுவிட்சில் பொறி பறக்கும். யானை நடந்தால் பக்கத்துக் குடிசை அதிர்வது போல, இந்த அதிர்ச்சி பக்கத்திலுள்ள மெல்லிய கம்பியில் ஏறுகிறது. மலிவான பெட்டிக்கு, கதவு திறந்ததற்கும் இந்த அதிர்ச்சிக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

பம்பு மட்டுமல்ல; ஐஸ் பெட்டி, மாவரைக்கும் இயந்திரம், பழைய குழல் விளக்கு ஆகியவையும் இதைச் செய்யும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் நம் பகுதியில் இடியும் மின்னலும் மிகுதி அல்லவா? தூரத்தில் விழும் மின்னல்கூட நீண்ட கம்பியில் அதிர்ச்சியை உண்டாக்கிவிடும்.

ஆனால் எல்லாப் பழியையும் மின்சாரத்தின்மேல் போட்டுவிடக் கூடாது. மழையில் மரக்கதவு உப்பி, காந்தம் விலகியிருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். ஈரத்தால் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். உடற்சூட்டின் அசைவை அறியும் கருவியின் முகத்தில் பல்லி ஓடினாலும் மணி அடிக்கும்.

அப்படியானால் உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவர் நோயாளியைக் கேட்பது போல வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, ஒரு பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தை அலாரத்தின் அருகே தொங்க விடுங்கள். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், பெட்டியில் எந்தக் கதவின் விளக்கு எரிந்தது, வீட்டில் என்ன ஓடியது, மழையா வெயிலா என்று எழுதுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். இரண்டு வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். எப்போதும் ஒரே கதவென்றால் அந்தக் கதவின் காந்தத்தையும் கம்பியையும் பாருங்கள். ஒரே நேரமென்றால் அந்த நேரத்தில் ஓடும் கருவியைத் தேடுங்கள்.

இரண்டாவது, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அலாரத்தை வேலையில் வையுங்கள். ஒருவர் பெட்டியருகே நிற்க, மற்றொருவர் பம்பு, ஐஸ் பெட்டி, விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பத்து முறை போட்டு நிறுத்துங்கள்.

மூன்றாவது, மத்திய அலை உள்ள பழைய டிரான்சிஸ்டர் வானொலி இருந்தால், நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி அலாரக் கம்பி போகும் வழியே கொண்டு செல்லுங்கள். எந்தக் கருவியைப் போடும்போது ‘கரகர’ என்ற ஒலி எழுகிறதோ, அதன்மேல் சந்தேகம் கொள்ளலாம்.

நான்காவது, பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியைக் கவனியுங்கள். இது ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உழைக்கும். தகரக் கூரையின் வெப்பத்தில் இன்னும் குறையும். பேட்டரி தளர்ந்திருந்தால், மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தாலும் பெட்டி தடுமாறிக் கத்தும்.

காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரம் கடினமல்ல. அலாரக் கம்பியை மின்கம்பியிலிருந்து ஓரடியாவது தள்ளிக் கொண்டு போக வேண்டும். இரண்டும் குறுக்கிட்டே தீர வேண்டுமானால், சிலுவை போல நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். பக்கத்தில் பக்கமாக ஓடக் கூடாது. முறுக்கிய இரட்டைக் கம்பி மேலானது. தொலைபேசிக்குப் பெயர் பெற்ற கிரகாம் பெல் 1881இல் இந்த முறுக்குக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு முறுக்கில் ஏறும் இரைச்சலை அடுத்த முறுக்கில் ஏறும் இரைச்சல் அழித்துவிடும். மிகவும் தொல்லையான இடத்தில் உலோக உறை போர்த்திய கம்பியைப் போடலாம். அந்த உறையைப் பெட்டியின் பக்கம் மட்டுமே மண்ணிணைப்பில் சேர்க்க வேண்டும். மின்னலுக்கு, அதிர்ச்சி தாங்கி ஒன்றைப் பொருத்தலாம்.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. இரு கம்பிகளையும் ஒரே குழாய்க்குள் விடுவது தொல்லை மட்டுமல்ல, ஆபத்தும் ஆகும். மின்கம்பியின் உறை கிழிந்தால் 230 வோல்ட் அலாரக் கம்பியில் பாய்ந்து, கதவைத் தொடும் குழந்தையைத் தாக்கலாம். ஆகவே பெட்டியைத் திறப்பதும் மின்கம்பியை மாற்றுவதும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனின் வேலை. நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்டுங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும். இடி முழங்கும்போது கம்பி எதையும் தொடாதீர்கள்.

நேயர்களே, அந்த வீட்டில் இப்போது கம்பி வேறு வழியாகச் செல்கிறது. பம்பு ஓடினாலும் மணி வாய் திறப்பதில்லை. ஆனால் போன நகை திரும்பவில்லை. பொய்யாகக் கத்தும் மணியின் வாயை அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அது ஏன் கத்துகிறது என்று கேளுங்கள். உங்கள் வீட்டு மணி அடித்தால் ஊரே ஓடி வரும் என்ற நம்பிக்கைதான் உண்மையான பூட்டு. அதைக் காத்துக்கொள்வோம்.