கல்லாப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கும் காற்று வேண்டும்



மே 5 வணிகர் தினம். அதையொட்டியே கத்திரி வெயிலும் தொடங்கிவிடும். சிறுமலை பக்கத்திலேயே இருந்தாலும், திண்டுக்கல் நகரிலும் வேடசந்தூர், நிலக்கோட்டைச் சமவெளியிலும் அந்த நாட்களில் கடைக்குள் நிற்க முடிவதில்லை. நமக்காவது தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில், மேஜைக்கு அடியில், மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் வெந்துகொண்டிருக்கிறதே, அதை யார் கவனிக்கிறோம்?

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் போடுவது, சரக்கு இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாமே அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. மாதந்தோறும் தாக்கல் செய்வோர் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரமும், 20-ம் தேதிக்குள் வரிக் கணக்கும் கொடுத்தாக வேண்டும். அன்று பார்த்து கம்ப்யூட்டர் பாதியில் நின்றால் தாமதக் கட்டணம் நம் தலையில்தான் விழும். 'மெஷின் பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்' என்று சொல்லவும் ஆள் வந்துவிடும். புதிதுக்குப் பணம் எடுக்கும் முன், பெட்டிக்குள் காற்று போய் வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பல கடைகளில் குறை அங்கேதான் இருக்கிறது.

ஏன் நிற்கிறது?

பில் போடும் சாதாரண கம்ப்யூட்டர் ஓடும்போது, பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதைப் போல உள்ளே சூடு உண்டாகிறது. அதில் முக்கியமான சில்லு, பிராசஸர். இன்றைய டெஸ்க்டாப் சில்லுகளில் பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடு மேலும் ஏறினால் தம்மைக் காத்துக்கொள்ள மெஷினையே நிறுத்திவிடும். காலையில் நன்றாக ஓடி, மதியம் இரண்டு மணிக்கு மேல் திணறும் கம்ப்யூட்டர் என்றால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஃபேன் என்பது ஏ.சி. அல்ல. கடைக்குள் 38 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் அதைவிடக் குளிர்ச்சியாக்க எந்த ஃபேனாலும் முடியாது. உள்ளே உண்டாகும் சூட்டை அங்கே தங்கவிடாமல் வெளியே தள்ளுவது மட்டுமே அதன் வேலை.

வெங்காயப் பட்டறை முறை

இது நமக்குப் புதிய பாடமல்ல. சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடுவோர் அதைத் தரையில் குவிப்பதில்லை. அடியில் உயர்த்தித் தளம் அமைத்து, பக்கங்களில் இடைவெளி விட்டு, மேலே கூரை போடுகிறார்கள். கீழே நுழையும் காற்று குவியல் ஊடே ஏறி, சூட்டையும் ஈரத்தையும் கொண்டுபோய்விடுகிறது. கிட்டங்கியில் நாமும் அட்டிக்கு அடியில் கட்டை போட்டு, சுவரை ஒட்டாமல்தான் மூட்டை அடுக்குகிறோம்.

கம்ப்யூட்டர் பெட்டிக்கும் கணக்கு இதுதான். முன்பக்கம் கீழே இருக்கும் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்கம் மேலே இருக்கும் ஃபேன் வெளியே தள்ள வேண்டும். மேல்மூடியில் ஃபேன் வைக்க இடமிருந்தால் அதுவும் வெளியே தள்ளுவதாகவே இருக்கட்டும். சூடான காற்று தானாகவே மேலே ஏறும் குணமுள்ளது. அதன் போக்கிலேயே ஃபேனும் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

முன்னும் பின்னும் இரண்டு ஃபேனுமே உள்ளே இழுத்தால் சூடு போக வழியில்லை. இரண்டுமே வெளியே தள்ளினால் கண்ட சந்து வழியெல்லாம் தூசியோடு காற்று புகும். ஆகவே எத்தனை ஃபேன் என்பதைவிட, ஒவ்வொன்றும் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே முக்கியம்.

இதில் பெரிய கம்பெனிகளே பாதையை மாற்றியதுண்டு. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில், மின்சாரம் தரும் பவர் சப்ளையில் இருந்த ஒரே ஃபேன்தான் மொத்தப் பெட்டிக்கும். 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அமைப்பில், பவர் சப்ளை ஃபேன் வெளிக்காற்றை இழுத்துப் பிராசஸர் மேல் வீசலாம் என்று முதலில் யோசனை சொன்னார்கள். பவர் சப்ளையைக் கடந்து வரும் காற்று அதன் சூட்டையும் சுமந்துதானே வரும்? பின்னர் அந்த யோசனை கைவிடப்பட்டு, பவர் சப்ளை காற்றை வெளியே தள்ளுவதே வழக்கமாயிற்று. இப்போது வரும் பல பெட்டிகளில் பவர் சப்ளை அடியில் இருந்து, தரைப்பக்கமாகக் காற்றை இழுக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியைச் சாக்கின் மேலோ, தரையை ஒட்டியோ வைத்தால் மூச்சை அடைத்த மாதிரிதான்.

ஊதுபத்தியால் ஒரு சோதனை

ஃபேன் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. பெரும்பாலான ஃபேன்களில் ஒரு பக்கம் இறக்கைகள் திறந்து தெரியும்; மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். காற்று திறந்த பக்கம் நுழைந்து சட்டமுள்ள பக்கம் வெளியேறும். சிலவற்றில் அம்புக்குறியும் போட்டிருக்கும்.

இன்னும் எளிய வழி உண்டு. காலையில் சாமிக்கு ஏற்றும் ஊதுபத்தியை, ஓடுகிற கம்ப்யூட்டரின் முன்பக்கச் சல்லடைக்கு வெளியே சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். புகை உள்ளே போக வேண்டும். பின்பக்கம் பிடித்தால் விலகி ஓட வேண்டும். மாறாக நடந்தால் கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த ஃபேனைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் போதும். நான்கு திருகாணி வேலை.

புதிதாக வாங்குவதானால், பெட்டியில் இடமிருந்தால் 120 மி.மீ. ஃபேனாகவே வாங்கலாம். சிறிய 80 மி.மீ. ஃபேன் தள்ளும் காற்றை இது மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும், சத்தமும் குறைவு. கலர் கலராக விளக்கு எரியும் ஃபேனுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். விளக்கால் காற்று கூடுவதில்லை.

மிளகாய்த் தூள் கடைகளுக்கு

மளிகைக் கடைத் தூசி மற்ற தூசி போலல்ல. மிளகாய், மல்லித் தூளில் எண்ணெய்ப் பசை உண்டு. மாவும் அதனோடு சேர்ந்தால் பிராசஸர் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் நடுவே அடை போலப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நம் கடைகளுக்கு உள்ளே இழுக்கும் ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்ற கணக்கு நல்லது. உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் சந்துகள் வழியே காற்று வெளியேறுமே தவிர, தூசி புகாது. இழுக்கும் ஃபேன்களுக்கு முன்னால் கழற்றிக் கழுவும் வலை போட்டு, வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். வலை அடைத்துக்கொண்டால் ஃபேன் இருந்தும் பயனில்லை.

மேலும் சில விஷயங்கள்:

பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை மேல் வையுங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளியிருக்கட்டும். பிரிட்ஜின் பின்புறச் சூடு, மேற்குச் சுவர், தகரக் கூரை ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

துணி உறையைக் கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகு மட்டும் போடுங்கள்.

பின்பக்கத் தகடு கழன்ற ஓட்டைகளை மூடுங்கள். காற்றுப் பாதை கெடுவது ஒருபுறம். மளிகைக் கடையில் எலி புகுந்து வயரைக் கடிக்க அதுவே வாசல்.

சூடு தாங்காமல் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைப்பது அவசரத்துக்கு உதவும். அதையே வழக்கமாக்கினால் தூசியும் பல்லியும் குடியேறும்.

தூசி ஊதும்போது மின்சாரத்தைத் துண்டித்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் ஃபேன் கெடும். ஈரத்துணி கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் நின்றால், பிராசஸருக்கு மேலுள்ள ஃபேன் சுற்றுகிறதா, அதன் அடியிலுள்ள பசை காய்ந்துவிட்டதா என்று தெரிந்த ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்கும் பாக்கிக் கணக்கை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வீட்டில் வைப்பது நல்லது.

ஆயுத பூஜையன்று தராசையும் படிக்கல்லையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். கம்ப்யூட்டருக்கும் சேர்த்தே வைக்கிறோம். ஆனால் இதற்கு வருடத்துக்கு ஒரு நாள் போதாது. மாதம் ஒரு ஞாயிறு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கத்திரிக்கு முன்பே முதல் ஞாயிறைத் தொடங்கிவிடுவோம்.