குதிரைக்கு வயிறு வலிச்சா யார்கிட்ட சொல்லும்?

ஹாஸ்டல்வாசிகளே, ஒரு கேள்வி. இன்னிக்குக் காலையில டிபன் சாப்பிட்டீங்களா?

‘எட்டே முக்காலுக்கு எழுந்து ஒன்பது மணி கிளாஸுக்கு ஓடறதே பெரிசு, இதுல டிபன் வேறயா!’னு முறைக்கிற கோஷ்டிதான் நானும். விளைவு, போன செமஸ்டர்ல நெஞ்சுக்குக் கீழே சுருக் சுருக். ‘எங்கே வலிக்குது?’ன்னு டாக்டர் கேட்டார். விரலை வெச்சுக் காட்டினேன். எண்டோஸ்கோப்பி, மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு. கேஸ் க்ளோஸ்!

ஆனா, விரலும் இல்லாம பேச்சும் வராத ஒருத்தருக்கு இதே வலி வந்தா?

அப்படி ஒருத்தரை ஒன்றரை மாசம் முன்னாடி ஈ.சி.ஆர். பக்கம் ஒரு லாயத்துல சந்திச்சேன். பேர் ராணி. வயசு ஒன்பது. முன்னாள் பந்தயக் குதிரை. இப்போ குதிரையேற்றம் கத்துக்க வர்றவங்களைச் சுமக்கறது வேலை. வெட்னரி இறுதியாண்டு படிக்கிற என் பெரியம்மா பொண்ணுதான் கூட்டிட்டுப் போனா. ‘டேய், 3 மீட்டர் நீளத்துக்கு எண்டோஸ்கோப் பார்த்திருக்கியா? வா!’ன்னா. மெக்கானிக்கல் ஸ்டூடண்ட்கிட்ட இப்படிக் கேட்டா வராம இருப்போமா?

திமிரா, வலியா?

லாயத்துக்குள்ளே நுழைஞ்சதுமே ராணி மேல ஏகப்பட்ட புகார். சேணத்தோட பட்டையை வயித்துல இறுக்கினா கடிக்க வருது. ஓடச் சொன்னா நின்னுடுது. உடம்பு இளைச்சிருக்கு, ரோமத்துல பளபளப்பு இல்லை.

‘‘திமிர், வேறென்ன?’’ என்றார் பயிற்சி கொடுப்பவர். ஒரு மாசம் பார்த்துட்டு வித்துடலாம் என்பது முதலாளியின் முடிவு. ஓட மறுக்கிற குதிரையை வாங்கறவங்க அதை எப்படி நடத்துவாங்கன்னு சொல்லத் தேவையில்லை.

ராணிக்குத் தீனி வைக்கிற அண்ணன் மட்டும் ஒத்துக்கலை. ‘‘தம்பி, மூணு வருஷமா நான்தான் இதுக்குக் கொள்ளு வைக்கிறேன். திமிர் புடிச்ச குதிரை கொள்ளை மிச்சம் வைக்குமா? ரெண்டு வாய் தின்னுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. ஆனா, காய்ஞ்ச புல்லைப் போட்டா மெல்லுது. உள்ளே என்னமோ இருக்கு.’’

இதைக் கேட்டதும் டாக்டர் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘‘பல நேரம் முதல் க்ளூவே இதுதான். தானியத்தை ஒதுக்கும், புல்லை மட்டும் தின்னும். அல்சரா இருக்கலாம்.’’

‘இருக்கலாம்’தான். ‘இருக்கு’ன்னு அவர் சொல்லலை.

உள்ளே ஓயாத ஆசிட் பம்ப்

குதிரையோட வயித்தை யார் டிசைன் பண்ணினாங்களோ, ஒரே ஒரு கண்டிஷன் போட்டுத்தான் பண்ணியிருக்காங்க. மெஷினை நிறுத்தவே கூடாது! புல்வெளியில இஷ்டத்துக்கு விட்டா, ஒரு நாள்ல 16 மணி நேரம்கூட குதிரை மேயும். அதனால இரைப்பையில ஆசிட் 24 மணி நேரமும் சுரந்துக்கிட்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும். அந்த ஆசிட்டைத் தணிக்கிறது எச்சில். ஆனா, மெல்லும்போதுதான் குதிரைக்கு எச்சில் ஊறும். மெல்லறதை நிறுத்தினா எச்சில் கட், ஆசிட் மட்டும் ஓடும்.

450, 500 கிலோ உடம்புக்கு இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர்தான். அதோட கீழ்ப்பகுதிக்குச் சளிப்படலம்னு ஒரு கவசம் உண்டு. மேல்பகுதி நம்ம உணவுக்குழாயோட உள்தோல் மாதிரி, கவசம் இல்லாத ஏரியா. குதிரை வேகமா ஓடும்போது வயித்துத் தசைகள் இறுகி, கீழே இருக்கிற ஆசிட் மேலே தெறிக்கும். காலி வயித்தோட ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க!

லாயத்துல நாம என்ன பண்றோம்? காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை தானியம். நடுவுல பட்டினி, ஓட்டம். பயிற்சியில இருக்கிற பந்தயக் குதிரைகளைப் பரிசோதிச்ச பல வெளிநாட்டு ஆய்வுகள்ல, பத்துல எட்டுக்கும் மேல வயித்துப் புண்ணோட இருந்திருக்கு.

சரி, நமக்கு வர்ற அல்சருக்கு ஒரு பாக்டீரியா காரணம்னு படிச்சிருப்பீங்க. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சுப் பார்த்தார். ராபின் வாரனோட சேர்ந்து 2005-ல் நோபல் பரிசும் வாங்கினார். குதிரை விஷயத்துல அந்தக் கிருமிதான் வில்லன்னு நிரூபணம் ஆகலை. குறிப்பா, மேல்பகுதிப் புண்ணுக்கு நேரடி வில்லன் ஆசிட்தான்.

ஏன் பார்த்தே ஆகணும்?

‘‘இத்தனை அறிகுறி இருக்கே மேடம், நேரா மாத்திரை கொடுத்துட வேண்டியதுதானே?’’ன்னு கேட்டேன். சிரிச்சார்.

‘‘பட்டை கட்டும்போது கடிக்குதுன்னா முதுகுவலியா இருக்கலாம். சேணம் சரியா பொருந்தாம இருக்கலாம். தீனியை ஒதுக்குதுன்னா பல் பிரச்னையா இருக்கலாம். இளைக்குதுன்னா குடல் புழுவா இருக்கலாம். இன்னொரு பக்கம், வயிறு முழுக்கப் புண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணுமே காட்டிக்காத குதிரையும் உண்டு. அறிகுறியை வெச்சு சந்தேகப்படலாம் தம்பி, தீர்ப்பு சொல்லக் கூடாது.’’

ரத்தப் பரிசோதனை? இந்தப் புண்ணைக் காட்டிக்கொடுக்கிற நம்பகமான ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. சாணத்துல ரத்தம் தேடறது? அவ்வளவு நீளக் குடலைத் தாண்டி வர்றதுக்குள்ளே இரைப்பையோட ரத்தம் செரிச்சுப் போயிடும். வந்தாலும் எந்த இடத்து ரத்தம்னு தெரியாது. சர்க்கரைக் கரைசல் கொடுத்து, அது புண் வழியா ரத்தத்துல கலக்குதான்னு பார்க்கற முறையும் உண்டு. ஆனா, அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம்னா, குதிரை தேறினது மருந்தாலயா ஓய்வாலயான்னு குழப்பம். தேறலைன்னா அல்சரே இல்லையா, இல்லை மருந்துக்குச் சீக்கிரம் கட்டுப்படாத கீழ்ப்பகுதிப் புண்ணான்னு அடுத்த குழப்பம்.

ஆக, ஒரே வழி. உள்ளே போய்ப் பார்க்கணும்.

3 மீட்டர் பயணம்

மனுஷனுக்கு உள்ளே விடற எண்டோஸ்கோப் சுமார் 1 மீட்டர். குதிரைக்கு 3 மீட்டர். ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ பாடத்துல முழு அக எதிரொளிப்புன்னு மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதே சமாச்சாரம். பஞ்சாப்ல பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸோட சேர்ந்து 1954-ல் ஃபைபர் கட்டு வழியா பிம்பத்தை அனுப்பிக் காட்டினார். 1957-ல் ஹிர்ஷோவிட்ஸ் அதே டெக்னிக்கை இரைப்பைக்குள்ளே கொண்டுபோனார். இப்போ குழாய் நுனியிலேயே குட்டி கேமரா, ஃபைபர் வழியா வெளிச்சம்.

முந்தின நாள் சாயங்காலமே ராணிக்குத் தீனி கட். கீழே கிடக்கிற வைக்கோலைத் தின்னுடாம இருக்க வாய்க்கூடு. கடைசி சில மணி நேரம் தண்ணியும் கட். இரைப்பை காலியா இல்லேன்னா கேமராவுல புல்தான் தெரியும்!

காலையில மயக்க ஊசி. ராணி நின்னபடியே தலையைத் தொங்கப் போட்டுச்சு. மூக்குத் துவாரம் வழியா குழாய் போச்சு. திரையில வளையம் வளையமா தெரிஞ்சா அது மூச்சுக்குழாய், ராங் ரூட்! உடனே வெளியே இழுத்து, ராணி விழுங்கற நேரம் பார்த்து உணவுக்குழாய்க்குள்ளே நுழைச்சார் டாக்டர். இரைப்பையை அடைஞ்சதும், சுருங்கின பலூனை ஊதற மாதிரி காற்றை நிரப்பினாங்க.

திரையில ரெண்டு கலர். மேலே வெளிர் நிறம், கீழே ரோஜாச் சிவப்பு, நடுவுல எல்லைக்கோடு. அந்தக் கோட்டை ஒட்டித்தான் மேல்பகுதிப் புண்கள் அதிகம் வருமாம். வந்திருந்தது. பெரிசு பெரிசா, சிவந்து, தோல் உரிஞ்ச மாதிரி.

இதுக்கு 0 முதல் 4 வரை மார்க். 0-ன்னா ஆரோக்கியம். 1-ன்னா தோல் தடிச்சிருக்கு, புண் இல்லை. 2-ன்னா சின்னப் புண்கள். 3-ன்னா பெரிய அல்லது பரவலான மேலோட்டமான புண்கள். 4-ன்னா பரவி, ஆழமாவும் போன புண்கள். நம்ம யுனிவர்சிட்டிக்கு நேர் எதிர், மார்க் ஏற ஏற ஆபத்து! ராணிக்கு 3. குழாயை வளைச்சு, குடலுக்குப் போற வாசல் வரைக்கும் பார்த்தார் டாக்டர். கீழ்ப்பகுதி சுத்தம். நிரப்பின காற்றை உறிஞ்சி எடுத்துட்டு, குழாயை வெளியே இழுத்தார்.

அண்ணன் திரையையே பார்த்துக்கிட்டு நின்னார். பயிற்சி கொடுப்பவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா சொன்னார், ‘‘இந்த வயித்து மேலதான் தினமும் பட்டையை இழுத்துக் கட்டினேன். கடிச்சப்போ அடிச்சும் இருக்கேன்.’’

கொள்ளு அவுட், புல் இன்!

மருந்து, நம்மாளுங்க விழுங்கற அதே ஒமெப்ரசோல். ஆனா, குதிரைக்குன்னே தயாரிச்ச பேஸ்ட், எடைக்குத் தகுந்த அளவு. ‘‘உங்க ஹாஸ்டல் மாத்திரையைப் பொடிச்சுக் கொடுக்கற வேலை வேண்டாம். வேலை செய்யறதுக்கு முன்னாடியே ஆசிட் அதை அழிச்சுடும்’’னு எச்சரிச்சார் டாக்டர். வலி மாத்திரையை இஷ்டத்துக்குக் கொடுக்கவும் தடா, அதுவே புண்ணை உண்டாக்கும்.

மருந்தோட தீனியும் மாறிச்சு. தானியம் குறைஞ்சது, காய்ஞ்ச புல் எந்நேரமும் எட்டற இடத்துல. சவாரிக்கு முன்னாடி கொஞ்சம் குதிரைமசால். பேரிலேயே குதிரை இருக்கு பாருங்க! அதுல இருக்கிற கால்சியமும் புரதமும் ஆசிட்டைத் தணிக்கும். மெல்ல மெல்ல எச்சிலும் ஊறும்.

நாலு வாரம் கழிச்சு, போன வாரம் மறுபடி ஸ்கோப். 3 இப்போ 1 ஆகியிருக்கு! விற்கிற பேச்சை முதலாளி விட்டுட்டார். பட்டை கட்டும்போது ராணி இன்னும் காதைப் பின்னுக்கு மடக்குது. வலி போனாலும் பயம் போக நாளாகும்னு அண்ணன் சொல்றார். பயிற்சி கொடுப்பவர் இப்போ ஒவ்வொரு துளையா, நிதானமாத்தான் பட்டையை இறுக்கறார்.

நான் கிளம்பும்போது, மிச்சம் வைக்காம காலி பண்ணின தொட்டியை அண்ணன் பெருமையா காட்டினார். ராணிக்குக் காலையில ஆறு மணிக்கே டிபன் ரெடி.

உங்களுக்கு? ஓடுங்க பாஸ், மெஸ்ஸை மூடிடப் போறாங்க!