கடலைப் பார்க்க ஒரு பால்கனி: கப்பலில் அறை எடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்விகள்

பெங்களூர், கடல் மட்டத்துக்கு மேல் 3 ஆயிரம் அடி உயரத்தில் உள்ள ஊர். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே சென்னைக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் மேற்கே மலை இறங்கி மங்களூருக்குப் போகவேண்டும்.

இந்த ஊர்த் தமிழர்கள் பலருக்கு இப்போது கப்பல் பயண ஆசை வந்திருக்கிறது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று தொழிற்சாலைகளில் 30, 35 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, "வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை" என்று கிளம்புகிறார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ, மகளோ பெற்றோரை அழைத்து, அங்கே கப்பல் ஏற்றிவிடுவதும் உண்டு.

ஒரே ஒரு தடவை என்பதால், அறை நல்ல அறையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். பால்கனி உள்ள அறையாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்டுகிறார்கள். கப்பலில் ஏறிக் கதவைத் திறந்து பார்த்தால், சிலருக்கு ஏமாற்றம்! இரண்டு நாற்காலி போட்டதும் கால் நீட்ட இடம் இல்லை. வேறு தளத்தில் இருப்பவருக்கோ ஏறக்குறைய அதே கட்டணத்தில் தாராளமான இடம்.

விளம்பரத்தில் "பால்கனி" என்பது ஒரே சொல். கப்பலிலோ அதற்குப் பல அளவு உண்டு. எந்தத் தளம், எந்தப் பக்கம், எத்தனையாவது அறை என்பதைப் பொறுத்து அளவு மாறும். பணம் கட்டும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள முடியும். கேட்கத்தான் வேண்டும்.

பாய் விரித்த காலம்

இந்த ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு "ராஜுலா" கப்பல் நினைவிருக்கும். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையில் இருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. 1970-கள் வரை அது கடலில் இருந்தது. அதில் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் "டெக்" பயணிகள். மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்கள். கடலை வேண்டிய மட்டும் பார்த்தவர்கள் அவர்கள்தான்! அதிகப் பணம் கொடுத்து அறையில் இருந்தவருக்கோ வட்டமான ஒரு கண்ணாடி ஜன்னல்.

அறைக்கு அறை பால்கனி வைப்பது பிறகு வந்த வழக்கம். 1984-ல் "ராயல் பிரின்சஸ்" என்ற கப்பல் வந்தது. இங்கிலாந்து இளவரசி டயானா அதற்குப் பெயர் சூட்டினார். அதில் எல்லா அறைகளுமே கடலைப் பார்த்த அறைகள். பல அறைகளுக்குத் தனிப் பால்கனியும் இருந்தது. பால்கனிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று கண்டுகொண்ட கம்பெனிகள், பிறகு கட்டிய கப்பல்களில் அதையே பெருக்கிவிட்டன.

ஆகவே, கப்பல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதே முதல் கேள்வி.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கிருந்து சுற்றுலாப் பயணம் தொடங்கிய கார்டிலியா கம்பெனியின் "எம்பிரஸ்", மறு ஆண்டு இலங்கையில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைத் துறைமுகங்களுக்கும் போனது. அந்தக் கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. அதன் கொள்ளளவுக் கணக்கு (கிராஸ் டன்) 48 ஆயிரத்துக்குச் சற்று மேல். அந்தக் காலத்துக் கப்பல் என்பதால் அதில் பால்கனி அறைகள் குறைவு. ஜன்னல் அறையும், ஜன்னலே இல்லாத உள்ளறையும்தான் அதிகம். பால்கனி வேண்டும் என்றால் "மினி சூட்" என்ற மேல் வகுப்புக்குப் போகவேண்டும்.

சிங்கப்பூரில் இருந்து புறப்படும் "கெண்டிங் டிரீம்" 2016-ல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. எம்பிரசைப் போல மூன்று மடங்கு பெரியது. அதில் பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி உண்டு. இப்படிப்பட்ட கப்பலில் பால்கனி கிடைக்குமா என்பது கேள்வி அல்ல. எந்தப் பால்கனி என்பதுதான் கேள்வி.

கோலமாவு எடுங்கள்

இன்றைய பெரிய கப்பல்களில் சாதாரணப் பால்கனியின் பரப்பு 35-ல் இருந்து 55 சதுர அடிக்குள் இருக்கும். அகலம் ஏறக்குறைய அறையின் அகலமே. 8 அடி, 9 அடி. மாறுவது ஆழம்தான். 4 அடி ஆழத்தில் இரண்டு பேர் நாற்காலியில் உட்காரலாம். ஒருவர் எழுந்தால் மற்றவர் காலை மடக்கவேண்டும். 6 அடி இருந்தால் சாய்வு நாற்காலி போட்டுக் கால் நீட்டலாம். இந்த இரண்டு அடிக்குத்தான் இத்தனை பாடும்!

40 சதுர அடி என்று ஏஜெண்டு சொன்னால், மனதில் படம் வராது. வீட்டுக் கூடத்தில் கோலமாவால் 8 அடிக்கு 5 அடி கோடு போட்டு, உள்ளே இரண்டு நாற்காலியும் ஒரு முக்காலியும் வைத்து, கணவனும் மனைவியும் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். பெங்களூர் அடுக்குமாடி வீடுகளில் துவைக்கும் எந்திரமும் துளசித் தொட்டியும் போக மிச்சம் இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால், சிலருக்கு அதுவே தாராளமாகத் தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிகள் அறையின் பரப்பையும் பால்கனியின் பரப்பையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கின்றன. "பால்கனி மட்டும் எத்தனை சதுர அடி?" என்று தனியாகக் கேட்கவேண்டும். "செலிப்ரிட்டி எட்ஜ்" என்ற கப்பல் 2018-ல் புதுமாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பல அறைகளில் பால்கனி அறையோடு சேர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடியின் மேல்பாதி கீழே இறங்கும்; அவ்வளவுதான். காற்றாட வெளியே வந்து நிற்க ஆசைப்படுகிறவருக்கு அது பால்கனி ஆகாது. பெரிய ஜன்னல் என்றே கொள்ளவேண்டும்.

படிக்கட்டு போன்ற தளங்கள்

பெரிய பால்கனி எங்கே இருக்கும்? சில கப்பல்களில் தளங்கள் படிக்கட்டைப் போல அமைந்திருக்கும். மேல்தளம் உள்ளே தள்ளியும், கீழ்த்தளம் வெளியே நீட்டியும் இருக்கும். நீட்டிய தளத்தில் பால்கனி பெரிதாகும். 1998-ல் வந்த "கிராண்ட் பிரின்சஸ்" கப்பலும் அதே சாயலில் பிறகு வந்த கப்பல்களும் இதற்கு நல்ல உதாரணம். அவற்றில் "பாஹா" என்ற தளத்தின் பால்கனி சிறியது. முழுவதும் கூரை உண்டு. அதற்குக் கீழே "கரீப்" தளத்தில் பால்கனி ஆழமானது. பாதிக்குக் கூரை, பாதி வெட்டவெளி. இன்னும் கீழே "டால்பின்" தளத்து மினி சூட்களில் பால்கனிக்குக் கூரையே இல்லை. மேலே இருப்பவர்கள் எட்டிப் பார்த்தால் கீழே காபி குடிப்பது தெரியும்!

இந்த மூன்றில், விவரம் தெரிந்தவர்கள் தேடிப் பிடிப்பது கரீப் தளத்தை. அது நியாயமான தேர்வுதான். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் பக்கத்துக் கடலில், கூரை இல்லாத 80 சதுர அடியைவிட, கூரை உள்ள 45 சதுர அடி மேல். புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு உட்காருவதற்கா அத்தனை பணம்?

கப்பலின் பின்புறத்து அறைகளும் பல கப்பல்களில் பெரிய பால்கனி உள்ளவை. மூலை அறை கிடைத்தால், பால்கனி இரண்டு பக்கமும் சுற்றி வரும். கப்பல் விட்டுச் செல்லும் வெள்ளை நுரைப் பாதையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் எந்திரத்தின் அதிர்வு அங்கேதான் அதிகம் தெரியும். முன்னும் பின்னும் கப்பலின் ஆட்டமும் அதிகம். வாந்தி, தலைசுற்றல் வருகிறவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஆட்டத்துக்குப் பயந்தவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலைத் தவிர்க்கலாம்; தென்மேற்குப் பருவக்காற்று அங்கே பலமாக வீசும்.

உயிர்காக்கும் படகுகள் தொங்கும் இடத்துக்கு நேராக உள்ள அறைக்குக் கட்டணம் குறைவு. பால்கனி இருக்கும். எதிரே கடலுக்குப் பதில் படகின் முதுகு! நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில், விடியற்காலையில் மேலே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். இவை எல்லாம் தளங்களின் வரைபடத்தில் தெரியும். கம்பெனிகளே அந்தப் படத்தை வெளியிடுகின்றன. அறை எண்ணை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் கப்பல் ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2009-ல் வந்த "ஓயசிஸ் ஆப் தி சீஸ்" போன்ற ராட்சதக் கப்பல்களில், கப்பலின் நடுவே மரம் செடி வைத்த பூங்கா இருக்கிறது. அதைப் பார்த்த பால்கனிகளும் உண்டு. கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டால் கடல் தெரியாது. பூங்காவைப் பார்க்க பெங்களூர்க்காரர் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. கப்பன் பார்க்கும் லால்பாக்கும் இங்கேயே இருக்கின்றன.

இடமா, வலமா?

சென்னையில் இருந்து இலங்கைக்குத் தெற்கு நோக்கிப் போகும்போது, கப்பலின் இடப்பக்கத்தில் சூரிய உதயம். வலப்பக்கத்தில் கரையும், மாலை வெயிலும். திரும்பும்போது இது மாறிவிடும். பகலில் பால்கனியில் உட்கார்ந்து படிக்க விரும்புகிறவர் இதையும் கணக்குப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரர்கள் காலத்தில், இந்தியாவுக்கு வரும்போது இடப்பக்கத்து அறை, திரும்பும்போது வலப்பக்கத்து அறை என்று வெயில் படாத அறைகளைப் பணக்காரர்கள் எடுத்ததாகவும், அந்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் "போஷ்" என்ற சொல் பிறந்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் கிடைக்கவில்லை.

ஒரு சிகரெட் செய்த வேலை

2006-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அதிகாலை, ஜமைக்கா தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த "ஸ்டார் பிரின்சஸ்" கப்பலில் தீப்பிடித்தது. அணைக்காமல் எறிந்த சிகரெட் ஒன்று பால்கனியில் விழுந்ததே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. பால்கனித் தடுப்புகளும் நாற்காலிகளும் எளிதில் எரியும் பொருளால் ஆனவை. தீ, பால்கனியில் இருந்து பால்கனிக்குத் தாவியது. பயணி ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு, பால்கனியில் எரியாத பொருள்களையே பயன்படுத்தவேண்டும் என்று சர்வதேச விதி கடுமையாக்கப்பட்டது. இன்று பெரும்பாலான கப்பல்களில் பால்கனியில் புகை பிடிக்கத் தடை. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் "என் பால்கனி, என் இஷ்டம்" என்று நினைத்தால் அபராதம் கட்டவேண்டி வரும்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம், கைப்பிடிச் சுவரின் உயரம் 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. அதாவது மூன்றரை அடி. பேரக் குழந்தைகளோடு போகிறவர்கள் நாற்காலியைக் கைப்பிடி ஓரத்தில் போட்டு வைக்கக்கூடாது. குழந்தை ஏறி நின்றால், அந்த மூன்றரை அடி ஏறக்குறைய இரண்டு அடியாகிவிடும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு வேறொரு தொல்லை. பால்கனிக் கதவின் அடியில் பல கப்பல்களில் உயரமான நிலைப்படி இருக்கும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென அமைத்த அறைகளில் இந்தத் தொல்லை குறைவு. அப்படிப்பட்ட அறைகள் சிலவே இருப்பதால், பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்த அறைகளில் போனால், நடுவில் உள்ள தடுப்பைத் திறந்துவிடச் சொல்லலாம். பல கப்பல்களில் அறைப் பணியாளரே திறந்து தருவார். கூடுதல் கட்டணம் இல்லாமல் பால்கனி இரட்டிப்பாகும்!

சென்னையில் ஏறி இரண்டு இரவில் திரும்பும் பயணத்துக்குப் பால்கனி அவசியமா என்றால், அவசியம் இல்லை. ஜன்னல் அறை போதும். மேல்தளம் எல்லோருக்கும் பொது. பகல் முழுவதும் அங்கே உட்காரலாம். ஐந்து, ஏழு நாள் பயணம் என்றால் கதை வேறு. கூட்டத்தில் இருந்து விலகி உட்கார ஓர் இடம் வேண்டியிருக்கும்.

அப்படிப் பணம் கட்டுகிறவர்கள் "கேரண்டி" என்ற சலுகைக் கட்டணத்துக்கு மயங்கக்கூடாது. அந்தச் சீட்டில் பால்கனி வகுப்பு மட்டுமே உறுதி. எந்த அறை என்பதைக் கம்பெனிதான் பிறகு முடிவு செய்யும். பால்கனி அளவு முக்கியம் என்றால், அறை எண்ணைக் கேட்டு வாங்கி, ரசீதிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டவேண்டும்.