வேலையைப் பிரித்துத் தரும் இயந்திரமும் எமது பொறுப்பும்



வீட்டில் ஒரு வலீமா விருந்தை முன்னின்று நடத்திய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். எத்தனை பேரை அழைப்பது? 300 பேர் என்றால், சஹனுக்கு ஆறு பேராக 50 சஹன். அதற்கு எவ்வளவு அரிசி, எத்தனை கிலோ இறைச்சி, சமையற்காரருக்கு எப்போது சொல்வது, பெண்கள் பக்கத்தில் பரிமாறுவது யார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, எது முந்தியது எது பிந்தியது என்று ஒழுங்குபடுத்திக் கொள்கிறீர்கள். விருந்தாளிகளின் தொகையைப் பிழையாகக் கணித்துவிட்டால், அதன்பின் செய்த வேலை எவ்வளவு திறமாக இருந்தாலும் பயனில்லை.

கணனிக்கு மென்பொருள் எழுதுவதும் ஏறக்குறைய இப்படித்தான். உயர்தரப் பரீட்சையின் பின் தகவல் தொழில்நுட்பம் கற்கும் பெண் பிள்ளைகள் இன்று எமது ஊர்களில் பலர் உள்ளனர். வீட்டிலிருந்தவாறே மென்பொருள் எழுதி உழைப்போரும் இருக்கின்றனர். மென்பொருளில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று தீர்மானிப்பதும், அந்த வசதிகளைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரிப்பதும் அவர்களுடைய தொழிலில் பெரும் பகுதி. இப்போது இவ்வேலைக்கு ஒரு துணை கிடைத்துள்ளது. அதுதான் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்.

2022 நவம்பர் இறுதியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சட்ஜிபிடி என்பதை வெளியிட்டது. அதையடுத்து குளோட், ஜெமினி போன்றவையும் வந்தன. மனிதரிடம் பேசுவது போல எழுதிக் கேட்டால் இவை பதில் எழுதும். தமிழில் கேட்டாலும் விளங்கிக் கொள்ளும். உங்கள் மகளோ தங்கையோ இதனை எவ்வாறு பயன்படுத்துவது, எந்த இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், இதில் உங்களுக்கும் ஒரு பங்குண்டு.

எமது முன்னோர் காட்டிய வழி

பெரிய கணக்கொன்றைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் முறைக்குக் கணனித் துறையில் ‘அல்கோரிதம்’ என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயர் இலத்தீன் மொழியில் திரிந்து வந்த சொல் அது. ‘அல்ஜீப்ரா’ என்ற சொல் பிறந்தது அவருடைய நூலின் பெயரிலிருந்தே. அந்த நூலின் பெரும் பகுதி, மரணித்தவரின் சொத்தை வாரிசுகளுக்குப் பங்கிடும் கணக்குகளைப் பற்றியது. மார்க்கக் கடமையைப் பிழையின்றி நிறைவேற்றும் தேவை, ஒரு கலையின் வளர்ச்சிக்கு உதவியதைப் பாருங்கள்!

அதே வழியில் நாமும் ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். ஸகாத்தைக் கணக்கிடும் ஒரு சிறு செயலியைக் கைத்தொலைபேசிக்காகச் செய்ய உங்கள் மகள் விரும்புகிறாள் என வைத்துக்கொள்வோம்.

எப்படிக் கேட்பது?

“ஸகாத் செயலிக்குத் திட்டம் தா” என்று மட்டும் கேட்டால், இயந்திரம் ஒரு நொடியில் நீண்ட பட்டியலைத் தரும். கடவுச்சொல், வரைபடங்கள், பல மொழிகள், தினமும் மாறும் தங்க விலை, நினைவூட்டல், பணம் செலுத்தும் வசதி என்று அது நீண்டுகொண்டே போகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தனியொருத்தி அதனைச் செய்து முடிக்க மாதக்கணக்காகும். அவற்றில் பாதி யாருக்கும் தேவைப்படாது.

மாறாக, அவள் இப்படி எழுதட்டும்: “இதனைப் பாவிக்கப் போவோர் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் கொஞ்சம் தங்கமும் சேமிப்புப் பணமும் இருக்கும். பெயரோ விலாசமோ கேட்கக் கூடாது. நான் ஒருத்தியே செய்கிறேன், ரமழானுக்கு முன் முடிய வேண்டும். திட்டம் தருவதற்கு முன் உனக்குத் தெளிவில்லாதவற்றை என்னிடம் கேள்.”

இந்தக் கடைசி வசனம் மிக முக்கியமானது. இயந்திரம் இப்போது கேள்வி கேட்கும். தங்கம் எந்த அளவையில்? கடன்களைக் கழிப்பதா? எந்த மத்ஹபு? பதில் தேடும்போதே பிள்ளைக்கு விடயம் தெளிவாகிவிடும்.

அடுத்து, பயன் தரக்கூடிய மிகச் சிறிய பகுதி எது என்று கேட்கட்டும். தங்கத்தின் எடை, அதன் விலை, கையிலுள்ள பணம் ஆகிய மூன்றையும் இட்டால் விடை தரும் ஒரே ஒரு பக்கம் போதும். நினைவூட்டலும் அலங்காரமும் பிறகு வரலாம். அந்த ஒரு பக்கத்தையும் அரை நாளில் முடியக்கூடிய வேலைகளாகப் பிரித்துத் தரச் சொல்லலாம். ஒவ்வொரு வேலைக்கும் கீழே, “இது சரியாக முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும்.

இயந்திரம் தவறவிடும் இடங்கள்

இங்கேதான் உங்கள் அறிவு தேவைப்படுகிறது, சகோதரிகளே.

முதலாவது, அளவை. தங்கத்தின் நிஸாப் 85 கிராம் என இன்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. நாமோ பவுணில்தான் பேசுகிறோம். ஒரு பவுண் 8 கிராம். அத்துடன் எமது நகைகளில் அதிகமானவை 22 கரட். அதாவது 24 பங்கில் 22 பங்கே சுத்தத் தங்கம். ஷாபிஈ மத்ஹபின்படி கலப்பு நீங்கிய தங்கத்தின் எடையே கணக்கு. சேமிப்பாக 11 பவுண் 22 கரட் தங்கம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் அது 88 கிராம். சுத்தத் தங்கமோ 81 கிராம் அளவுதான். எனவே அந்தத் தங்கம் மட்டும் நிஸாபை எட்டாது. கரட்டைக் கேட்காத செயலி, இவருக்கு ஸகாத் கடமை என்று சொல்லிவிடும். இந்த 11 பவுண் கணக்கையே மகள் ஒரு பரிசோதனையாக எழுதி வைக்கலாம்.

இரண்டாவது, வருடம். இயந்திரத்தின் திட்டத்தில் ‘ஒரு வருடம்’ என்றிருந்தால், செயலி 365 நாட்களை எண்ணக்கூடும். ஸகாத்தின் வருடம் சந்திர வருடம். அது 354 அல்லது 355 நாட்கள். பதினொரு நாள்தானே என்று விட்டுவிட முடியாது. 33 ஆங்கில வருடங்களில் 34 ஹிஜ்ரி வருடங்கள் கழிந்துவிடுகின்றன. ஒரு முழு வருட ஸகாத், ஏழைகளின் ஹக்கு, சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

மூன்றாவது, அணியும் நகை. பெண் வழமையாக அணியும் ஆகுமான நகைக்கு ஸகாத் இல்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனபி மத்ஹபில் அதற்கும் ஸகாத் உண்டு. எமது நாட்டில் பெரும்பாலோர் ஷாபிஈக்கள். மேமன் சமூகத்தவர் போன்றோர் ஹனபிகள். இயந்திரம் இரண்டில் ஒன்றைத் தானாகவே தெரிவுசெய்து, அதனை வெளியில் சொல்லாமல் திட்டத்தில் புகுத்திவிடலாம். இது மார்க்கத் தீர்ப்பு. இதனை உலமாக்களிடம் கேட்டு எழுத வேண்டும். இயந்திரத்திடம் ஃபத்வா கேட்பது முறையல்ல.

ஏன் இப்படித் தவறுகிறது? இந்த இயந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வரும் என்பதைப் பழகிக்கொண்ட ஒன்று. சரியானதைச் சொல்லும் அதே உறுதியோடுதான் பிழையானதையும் சொல்லும். “இந்த வேலைக்கு இரண்டு மணித்தியாலம் போதும்” என்று அது சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது உங்கள் மகளின் வேகத்தையும், மின்வெட்டையும், வீட்டு வேலைகளையும் அறியாது.

அமானிதத்தைப் பேணுவோம்

இன்னொரு விடயம். இந்த உதவியாளருக்கு எழுதுவதெல்லாம் வேறு நாட்டிலுள்ள கணனிகளுக்குச் செல்லக்கூடும். ஆகவே பிறருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, யாரிடம் எத்தனை பவுண் உண்டு என்பன போன்ற தகவல்களை அதில் எழுதவே கூடாது. பரிசோதனைக்குக் கற்பனைத் தொகைகள் போதும். தொழில் தருநரின் மென்பொருளை அதில் இடுவதாயின், முதலில் அவருடைய அனுமதி வேண்டும். இவை யாவும் அமானிதம்.

மென்பொருள் கட்டுவதில் மிகக் கடினமான பகுதி, எதைக் கட்ட வேண்டும் என்பதைத் துல்லியமாகத் தீர்மானிப்பதே என்று பிரெட் புரூக்ஸ் என்ற அமெரிக்கக் கணனி அறிஞர் 1986இல் எழுதினார். இன்றும் அது மாறவில்லை. வேலையைப் பிரிக்க இயந்திரம் உதவும். எது வேண்டும், எது கூடாது என்பதை மனிதர்களே கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கலந்தாலோசனையின் பெயராலேயே அல்குர்ஆனில் ‘அஷ்ஷூரா’ என்றொரு அத்தியாயம் இருப்பதை நாம் அறிவோம்.

எனவே, “உங்களுக்கு இது விளங்காது உம்மா” என்று பிள்ளை சொன்னால் ஒதுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் அமருங்கள். இயந்திரம் தந்த பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். “இது யாருக்குத் தேவை? பவுணில் போட முடியுமா? ஹிஜ்ரி வருடமா, ஆங்கில வருடமா?” என்று கேளுங்கள். உங்களுடைய ஸகாத்தை முதலில் காகிதத்தில் கணக்கிட்டு, ஊர் ஆலிமிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செயலி தரும் விடையை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்த பின்பே அதனை அயலவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எமது பெண் பிள்ளைகளின் கல்வியையும் உழைப்பையும் பயனுள்ளதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.